மறு: எக்ஸ்பெரிமெண்டல் வீடியோ விழா – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்,

'மீடியா ஆர்ட்', 'எக்ஸ்பெரிமெண்டல் வீடியோ' ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடிய முந்தைய மடல்களில், முதலாவதற்கு 'மின்னணுக் கலை', 'எண்ணிமக் (டிஜிட்டல்) கலை' என்றும், இரண்டாவதற்குப் 'பரிசோதனைக் காணொளி' என்றும் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவியை வைத்துத் துறைக்குப் பெயரிட்டால், கருவி மாறும்போது பெயர் பின்தங்கிவிடும். பெர்லினில் 1988இல் வீடியோஃபிலிம்ஃபெஸ்ட் என்று தொடங்கிய விழா, வீடியோ, ஃபிலிம் என்ற கருவிப் பெயர்களை விட்டு இன்று டிரான்ஸ்மீடியாலே ஆகியிருக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979இல் தொடங்கிய ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவின் பெயரிலேயே மின்னணு இருக்கிறது. ஆனாலும் உயிரணுக்களைக் கொண்டு செய்த படைப்புகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஆகவே 'ஊடகக் கலை' போதும். அதைக் கேட்டால் செய்தித்தாள்தான் நினைவுக்கு வருகிறது என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் ஓவியர்கள் நீர்வண்ணத்தையும் எண்ணெய் வண்ணத்தையும் ஊடகம் என்றுதானே சொல்கிறார்கள்? அந்தப் பொருளை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

என் கவலையெல்லாம் 'பரிசோதனை' பற்றித்தான். ரத்தப் பரிசோதனை, சோதனை ஓட்டம் என்று புழங்கும் சொல் அது. முடிவு தெரியாமல் செய்து பார்ப்பது, அல்லது உண்மையான வேலைக்கு முந்தைய ஒத்திகை. இந்தப் படைப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. 1965இல் பைக் (Nam June Paik) என்ற காணொளிக் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். பெட்டிக்குள் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை வளைந்து, திரையில் ஒளிக்கோலம் விரிந்தது. 1972இல் அமெரிக்கக் கலைஞர் ஜோன் ஜோனாஸ், தொலைக்காட்சித் திரையில் படம் நிற்காமல் செங்குத்தாக உருளும் கோளாறையே தன் படைப்பின் தாளமாக்கினார். இன்றைய கலைஞர்கள் கோப்புச் சுருக்கத்தின் உள்ளேயே கை வைக்கிறார்கள். சுருக்கிய காணொளியில் முழுச் சட்டகம் (ஃபிரேம்) அவ்வப்போதுதான் வரும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் அசைவும் மாற்றமும் பற்றிய குறிப்புகளே. அந்த முழுச் சட்டகத்தை நீக்கிவிட்டால், அடுத்த காட்சியின் அசைவு முந்தைய காட்சியின் நிறங்களை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு முகம் கரைந்து தெருவாகும். இதைச் செய்கிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகவே தெரியும். அது முடிந்த படைப்பு. முயற்சி என்று சொல்லி அதைக் குறைக்கக் கூடாது.

இவர்கள் எல்லோரும் காணொளிக்கு என்னென்ன வடிவம் இருக்க முடியும் என்று தேடுகிறார்கள். அதனால் 'வடிவத்தேடல் காணொளி' என்று முன்மொழிகிறேன். வெறும் 'தேடல் காணொளி' என்றால் தேடுபொறி நினைவுக்கு வந்துவிடும். 'வடிவ' என்பது அதைத் தடுக்கிறது. 'புதுவழிக் காணொளி' என்றும் யோசித்தேன். புதுக்கவிதை இத்தனை காலத்துக்குப் பிறகும் புதுக்கவிதையாகவே இருக்கிறது என்பதால், பழசாகிவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் இங்கே புதுமை முக்கியமில்லை. அறுபதாண்டுப் பழைய காந்தப் படைப்பும் இந்த வகைதான்.

சொல் நீளம் என்பார்கள். சரி, நீளம்தான். விளக்கம் கேட்காமலே பொருள் புரிகிற நீளம் என்பதால் ஏற்கலாம்.

அப்புறம், விழாவுக்குத் 'திரைவிழா' என்ற சொல் வேண்டாம். அரங்கில் ஓடுபவை, அறையில் இடைவிடாமல் சுழல்பவை, இணையத்தில் மட்டும் வாழ்பவை என்று எல்லாம் அங்கே வருகின்றன. 'வடிவத்தேடல் காணொளி விழா' என்றே நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம். ஃபிலிமில் எடுத்தவற்றுக்கு 'வடிவத்தேடல் படம்'. நாடகத்துறையினர் 'பரிசோதனை நாடகம்' என்று நெடுநாளாகப் புழங்குகிறார்கள். அதில் நாம் கை வைக்க வேண்டாம். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.