கட்டுத்தறி இழுவிசை: இழுவைக் கப்பலின் அளவுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

டர்பனில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்புக்காகத் துறைமுகம் பற்றிய பாடம் ஒன்றைத் தொகுத்து வருகிறோம். இவ்வூரின் சதர்ன் ஆப்பிரிக்கன் ஷிப்யார்ட்ஸ் நிறுவனம் தென்னாப்பிரிக்கத் துறைமுக ஆணையத்துக்காக, 2014இல் கிடைத்த ஒப்பந்தத்தின்படி, ஒன்பது இழுவைக் கப்பல்களைக் கட்டியது. அவை ஒவ்வொன்றுக்கும் 'பொல்லார்டு புல்', அதாவது கரைத்தூணில் கட்டிய கப்பல் நின்ற நிலையில் இழுக்கும் விசை, 70 டன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டதற்கு, 'இழுதிறன்' என்ற சொல் இந்தக் குழுவில் முன்மொழியப்பட்டது.

சொல் சுருக்கமாக இருந்தாலும், அதை ஏற்க என்னால் இயலவில்லை. பள்ளிப் பாடநூல்களில் திறன் என்பது வாட் கணக்கில் அளக்கப்படுவது. நாம் பேசுவதோ விசை. இழுவைக் கப்பலில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதுதான் மாணவர் முதலில் அறிய வேண்டியது. இயந்திரத் திறன் சமமாக இருக்கும் இரு கப்பல்களில், புரொப்பெல்லரைச் சுற்றிக் குழல் போன்ற உறை பொருத்தியது, நின்ற நிலையில் மற்றதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

அளக்கும் முறையிலிருந்தே பெயரை எடுக்கலாம் என்பது என் கருத்து. கப்பலைக் கயிற்றால் கரைத்தூணில் கட்டி, கயிற்றின் இடையே விசைமானி ஒன்றைப் பொருத்தி, இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். கப்பல் நகராமல் நின்று இழுக்கும்போது விசைமானி காட்டுவதே அந்த 70 டன். கயிறு குட்டையாக இருந்தால், புரொப்பெல்லர் தள்ளும் நீர் கரைச்சுவரில் மோதித் திரும்பி அளவைக் குறைத்துவிடும். ஆகவே நீண்ட கயிறும், போதிய ஆழமும், நீரோட்டமற்ற இடமும் தேவைப்படுகின்றன. இத்தனையும் அந்தத் தூணைச் சுற்றியே நடப்பதால், 'கட்டுத்தறி இழுவிசை' என்பதை முன்மொழிகிறேன். புகார்த் துறையில் அசையும் நாவாய்களைக் கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளோடு ஒப்பிட்ட பட்டினப்பாலை இருக்க, கப்பலுக்கும் தறிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.

'தறியிழுவிசை' என்று சுருக்கினால் கைத்தறியும் விசைத்தறியும்தான் முதலில் நினைவுக்கு வரும். 'கந்து' தூணைக் குறிக்கும் பழைய சொல்தான், ஆயினும் இன்றைய வாசகருக்கு அது கந்துவட்டியையே நினைவூட்டும். இழுவிசை என்பது கயிற்றின் விறைப்புக்கு ஏற்கெனவே பாடநூல்களில் வழங்குகிறதே என்ற தடை எழலாம். இங்கே அளக்கப்படுவதும் கயிற்றின் இழுவிசையே என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

தொடர்புடைய சொற்களையும் இதனால் எளிதாக ஆக்க முடிகிறது. டர்பனில் கட்டிய ஒன்பதிலும் இருப்பது வோய்த் ஷ்னைடர் உந்துகருவி. கப்பலின் அடியில் செங்குத்தாக நிற்கும் அலகுகள் சுழன்று எந்தத் திசையிலும் உந்தவல்லவை. முன்னோக்கியும் பின்னோக்கியும் இழுக்கும் அளவுகளைத் தனித்தனியே குறிக்க, 'முன்னோக்குக் கட்டுத்தறி இழுவிசை', 'பின்னோக்குக் கட்டுத்தறி இழுவிசை' என்று எழுதிவிடலாம். ஓடும் பெருங்கப்பலுடன் துணையாகச் சென்று அதன் போக்கைத் திருப்பும் விசை வேறு. அது ஓட்டத்தில் அளக்கப்படுவதால் இந்தப் பெயருக்குள் அடங்காது.

தூத்துக்குடி, சென்னை, நாகப்பட்டினம் துறைகளில் பணியாற்றியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கரைத்தூணுக்கு அங்குள்ள தொழிலாளர் வழங்கும் தமிழ்ப்பெயர் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள்; கட்டுத்தறியை விட்டு அதையே ஏற்றுக்கொள்கிறேன்.