லாரி ஓட்டுபவர் எதை உற்பத்தி செய்கிறார்? ஜிடிபி கணக்கில் ஒரு சந்தேகம்

மாலைவகுப்பு:
பொருளாதாரம் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மரம் வெட்டுவது முதன்மைத் துறை, நாற்காலி செய்வது இரண்டாம் நிலைத் துறை. இதுவரை புரிகிறது. லாரி ஓட்டுபவரும் ஆசிரியரும் எதை உற்பத்தி செய்கிறார்கள்? அப்புறம், மரம், பலகை, நாற்காலி என்று எல்லா விற்பனையையும் கூட்டி மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி எழுதினேன். தவறு என்று வந்துவிட்டது. ஏன்?

கணக்குப்பிள்ளை:
நானும் படிக்கும்போது இதே இடத்தில் பல வாரம் நின்றேன். ஒரே ஒரு நாற்காலியை வைத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெளிந்தது.

மரம் 100-க்கு விற்கிறது. மர அறுவை ஆலை அதைப் பலகையாக்கி 160-க்கும், தச்சுப் பட்டறை நாற்காலியாக்கி 300-க்கும் விற்கின்றன. கூட்டினால் 560. ஆனால் கையில் இருப்பது 300 மதிப்புள்ள ஒரு நாற்காலிதானே? மரத்தின் 100 மூன்று முறையும், ஆலை சேர்த்த 60 இரண்டு முறையும் ஏறிவிட்டன. அதனால் ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் எடுக்க வேண்டும்: 100, 60, 140. இதற்குப் பெயர்தான் மதிப்புக்கூட்டல்.

இனி உங்கள் லாரி. அது 20 வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கடையில் இறக்குகிறது. கடை 360-க்கு விற்கிறது. கடை சேர்த்தது 40. பட்டறையிலேயே கிடக்கும் நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. அந்த 60 சேவைத் துறையின் உழைப்பு. ஆக ஒரே நாற்காலியின் விலைக்குள் முதன்மைத் துறை 100, இரண்டாம் நிலை 200, சேவை 60. இந்த 360-தான் கூலி, வாடகை, வட்டி, லாபமாகப் பிரிந்து பலர் கைக்குப் போகிறது; வாங்கியவர் செலவழித்ததும் அதே 360. உற்பத்தி, வருமானம், செலவு என்று மூன்று வழியில் கணக்கிட்டாலும் ஒரே விடை வருவது இதனால்தான்.

உங்கள் சந்தேகம் மிகப் பழையது. 1758-இல் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிரான்சுவா கெனே விவசாயம் மட்டுமே புது மதிப்பைத் தருகிறது என்றார். 1776-இல் ஆடம் ஸ்மித், மருத்துவரையும் வழக்கறிஞரையும்கூட உற்பத்தி செய்யாத உழைப்பில் சேர்த்தார். சோவியத் கணக்கிலும் பல சேவைகள் வெளியேதான் இருந்தன. இன்று உலக ஜிடிபியில் பாதிக்கு மேல் சேவைதான்.

ஓரத்துமேசை:
அரசுப் பள்ளி ஆசிரியர் பாடத்தை விற்பதில்லையே?

கணக்குப்பிள்ளை:
சந்தை விலை இல்லாததால் ஆகும் செலவையே மதிப்பாக எடுக்கிறார்கள்: சம்பளம், வாங்கிய பொருட்கள், கட்டடத்தின் தேய்மானம். குறையுள்ள வழிதான், ஆனாலும் ஆசிரியர் கணக்குக்குள் வந்துவிடுகிறார். வராதது வீட்டு வேலை. என் அப்பா படுக்கையில் இருந்த வருடங்களில் அம்மாதான் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார். ஜிடிபியில் அது பூஜ்ஜியம். சம்பளத்துக்கு ஒரு செவிலியரை வைத்திருந்தால் ஏறியிருக்கும். அமெரிக்காவுக்காக முதல் தேசிய வருமானக் கணக்குகளைத் தயாரித்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-இலேயே இந்த எண்ணை வைத்து மக்களின் நலனை அளக்க முடியாது என்று எச்சரித்தார். அதை முதல் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

மாலைவகுப்பு:
இப்போது புரிகிறது. மரம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் நம் ஜிடிபி 260 மட்டும்தானே?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், 260. அந்த 100 மரம் வளர்ந்த நாட்டின் கணக்கில் இருக்கும்.