1,123 வெற்றிகள் பெற்ற பயிற்சியாளர் கடைசிவரை கல்லூரியிலேயே இருந்தது ஏன்?

கேள்வி — வடகரையான்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பயிற்சியாளர்களின் தொழில்வாழ்க்கை மட்டும் இன்னும் விளங்கவில்லை. ஜெர்ரி யார்க் 1972 முதல் 2022 வரை ஐம்பது பருவங்கள் மூன்று கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 1,123 ஆட்டங்களில் வென்றவர். கல்லூரி ஹாக்கியில் அவரைவிட அதிக வெற்றி கண்டவர் இல்லை. கிறிஸ் கிரைடரும் ஜானி காட்ரோவும் அவரிடம் ஆடிவிட்டுத்தான் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.-க்குப் போனார்கள். அவர் மட்டும் ஏன் போகவில்லை? கல்லூரிப் பயிற்சியாளர் பதவி தொழில்முறை லீகுக்கு ஏறும் படிக்கட்டு என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணமே தவறா?

பதில் 1 — நீலக்கோடு

முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள் சிலரே. யார்க்கின் பாதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுனில் பிறந்து, பாஸ்டன் கல்லூரியில் ‘ஸ்னூக்ஸ்’ கெல்லி என்ற பயிற்சியாளரின் கீழ் ஆடி, 1967-இல் பட்டம் பெற்றவர். 1972-இல் கெல்லி ஓய்வுபெற்றபோது, கிளார்க்சன் என்ற கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த லென் செக்லார்ஸ்கி பாஸ்டனுக்கு வந்தார். அவர் விட்டுவந்த கிளார்க்சன் பதவி, அப்போது 27 வயதுகூட நிரம்பாத யார்க்குக்குக் கிடைத்தது. ஒருவர் நகர்ந்தால்தான் இன்னொருவருக்கு இடம் என்ற இந்தத் துறையின் இயல்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கிளார்க்சனில் 125, 1979-இல் சேர்ந்த ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் 342, 1994-இல் தாம் படித்த கல்லூரிக்கே திரும்பிய பிறகு 656 என்று அவருடைய வெற்றிகள் சேர்ந்தன.

பௌலிங் கிரீன் காலத்தில் ஓர் ஆட்டத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1984 தேசிய இறுதியாட்டத்தில் மினசோட்டா டுலூத் அணியிடம் ஆட்டத்தின் மூன்றாம், கடைசிப் பகுதியில் இரண்டு கோல் பின்தங்கியிருந்த அவருடைய அணி, ஆட்டத்தைச் சமன் செய்து, நான்காவது கூடுதல் நேரத்தில் 5–4 என்று வென்றது. நடந்த இடம் லேக் பிளாசிட்.

ஆனால் என் மனத்தில் நிற்பது வெற்றிகளைவிட, பாஸ்டன் கல்லூரியில் அவருடைய முதல் மூன்று பருவங்கள்தான். மூன்றிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். நான்காவது பருவத்தில், 1998-இல், அணி தேசிய இறுதிக்குப் போய்க் கூடுதல் நேரத்தில் மிச்சிகனிடம் தோற்றது. 2000-இல் நார்த் டகோட்டாவிடம் மறுபடி இறுதியில் தோல்வி. அதே நார்த் டகோட்டாவை 2001-இல் கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றபோதுதான், 1949-க்குப் பிறகு அந்தக் கல்லூரிக்கு முதல் தேசியப் பட்டம் வந்தது. பிறகு 2008, 2010, 2012 என்று மேலும் மூன்று. தொழில்முறை அணி எதுவும் ஒருவருக்கு இவ்வளவு அவகாசம் கொடுத்திருக்காது என்பது என் கருத்து.

பதில் 2 — மூன்றாம் பகுதி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவகாசம் மட்டும் காரணம் அன்று. இரண்டும் வெவ்வேறு வேலைகள். என்.எச்.எல். பயிற்சியாளருக்கு வீரர்களைச் சேர்த்துத் தருவது மேலாளரின் பொறுப்பு. கல்லூரியிலோ தலைமைப் பயிற்சியாளரே துணைப் பயிற்சியாளர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெற்றோரிடம் பேசி அழைத்துவர வேண்டும். அப்படி வந்தவர்களும் நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள். திறமைசாலிகள் அதற்கு முன்பே போய்விடுவார்கள். டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த என்.எச்.எல். அணி, பையன் கல்லூரியில் ஆடும் காலத்திலும் அவன்மீது உரிமை வைத்திருப்பதால், எந்த வசந்தத்திலும் ஒப்பந்தம் நீட்டலாம். கிரைடர் 2012-இல் தேசியப் பட்டம் வென்ற கையோடு நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற என்.எச்.எல். அணிக்காகப் பிளேஆஃப் (பருவ இறுதி நாக்-அவுட் சுற்று) ஆடப் போனதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அணியைப் புதிதாகக் கட்டத் தெரிந்தவரே இங்கு நிலைக்கிறார்.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. ரெட் பெரென்சன் என்.எச்.எல். வீரராகப் புகழ்பெற்று, செயின்ட் லூயிஸ் அணியின் பயிற்சியாளராக 1981-இல் லீகின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் பெற்றவர். அவர் 1984-இல் தாம் படித்த மிச்சிகனுக்குத் திரும்பி, 33 பருவங்கள் அங்கேயே இருந்தார். அவருக்கும் தொடக்கப் பருவங்கள் மூன்றும் தோல்வி மிகுந்தவையே. பிறகு 1991 முதல் 2012 வரை 22 ஆண்டுகள் அவருடைய அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறத் தவறவில்லை. 1998 இறுதியில் யார்க்கை வென்றதும் அவர்தான்.

வெற்றி எண்ணிக்கையைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. கெல்லி 36 பருவங்களில் 501 வெற்றிகள் பெற்றார். அவர் காலத்தில் பருவத்துக்கு ஏறத்தாழ 20 ஆட்டங்களே. யார்க்கின் காலத்தில் அது 40-ஐ நெருங்கியது. இருவரையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

வடகரையான்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மேலே போனவர்கள் என்ன ஆனார்கள்? ஹெர்ப் புரூக்ஸ் பெயரைத் தவிர வேறு எனக்குத் தெரியாது.

பதில் 3 — பழைய ரசிகன்

புரூக்ஸ் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 1974, 1976, 1979 ஆண்டுகளில் பட்டம் வாங்கித் தந்தவர். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்ற அமெரிக்க அணியின் 20 பேரில் ஒன்பது பேர் அந்தப் பல்கலைக்கழகத்தவர்கள். பிறகு ரேஞ்சர்ஸுக்குப் போனார். அங்கிருந்து விலகியபின் 1986-இல் செயின்ட் கிளவுட் ஸ்டேட் என்ற கல்லூரிக்கு வந்து ஒரே ஒரு பருவம் பயிற்சியளித்தார். ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவ்வளவு சிறிய இடத்துக்கு வந்ததை எனக்கு இன்றும் வியப்பில்லாமல் நினைக்க முடியவில்லை.

முழுதாக வென்றவர் என்றால் பாப் ஜான்சன். விஸ்கான்சினில் மூன்று தேசியப் பட்டங்கள், 1982 முதல் ஐந்து பருவங்கள் என்.எச்.எல்.-இன் கால்கரி அணி, பிறகு 1991-இல் பிட்ஸ்பர்க் அணியுடன் அந்த லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பை. அதே ஆண்டு நவம்பரில் இறந்துவிட்டார். நம் காலத்தில் நார்த் டகோட்டாவின் டேவ் ஹாக்ஸ்டல் 2015-இல் பிலடெல்பியாவுக்கும், டென்வரின் ஜிம் மாண்ட்கோமரி 2018-இல் டாலஸுக்கும் கல்லூரியிலிருந்து நேராகவே என்.எச்.எல். பயிற்சியாளர்களாகப் போனார்கள். எனவே கதவு மூடியிருக்கவில்லை.

2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீகுகளில் (பதினாறு முதல் இருபது வயதினருக்கான உயர்நிலை லீகுகள்) ஆடிய வீரர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம் என்று விதி மாறியிருக்கிறது. முன்பு அந்த லீகில் கால் வைத்தவனுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டுவிடும். ‘மூன்றாம் பகுதி’ சொன்ன அந்த வீட்டுக்கூடப் பேச்சு இனி இருபது வயது இளைஞனோடும் நடக்கும். யார்க்கின் இடத்தில் 2022 முதல் இருக்கும் கிரெக் பிரவுன், 2024 இறுதியில் டென்வரிடம் 2–0 என்று தோற்றவர். அடுத்த அணியை அவர் எங்கிருந்து திரட்டுகிறார் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.