ஸோவா 10 நாளாக மூடியே கிடக்கிறது, என்ன மருந்து போடலாம்?

நீலத்தொட்டி:
வணக்கம். என் கடல்நீர் மீன் தொட்டியில் இருக்கும் ஸோவா (பூப்போல விரியும், பவளத்தின் இனமான சின்னக் கடலுயிர்) கொத்து இரண்டும் 10 நாளாகத் திறக்கவே இல்லை. பச்சை ஓரமும் ஆரஞ்சு நடுவுமாக இருந்ததுதான் முதலில் மூடியது, அப்புறம் ஊதாவும் மூடிவிட்டது. மொட்டு மாதிரி சுருங்கி நிற்கின்றன. தண்ணீர் நார்மல், விளக்கு நல்ல விளக்கு, மீன்களுக்கு ஒன்றும் இல்லை. என்ன மருந்து போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

உப்புக்காற்று:
நார்மல் என்றால் எவ்வளவு? உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை), நைட்ரேட், பாஸ்பேட் ஐந்தையும் எண்ணாகச் சொல்லுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மாதம் ஆகிறது? உப்பை எதில் அளக்கிறீர்கள்? முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் என்றால் அதை நம்பவே வேண்டாம், முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

கண்ணாடிப்பெட்டி:
எனக்கு இது நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) போலத்தான் தெரிகிறது. ஸோவாவைத் தின்று அதன் நிறத்தையே தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும், பக்கத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. தண்டின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை முட்டை இருக்கிறதா பாருங்கள். டிப் போட்டால் (பூச்சி கொல்லும் கரைசலில் முக்கி எடுத்தால்) பூச்சிதான் சாகும், முட்டை தப்பித்துவிடும், அதனால் ஒரு வாரம் விட்டு மறுபடியும் டிப் போட வேண்டும்.

பழையகடல்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் படித்திருந்தால் இந்த இழையே வேண்டாம் தம்பி. தொட்டியில் மருந்து ஊற்றும் எண்ணத்தை முதலில் விடுங்கள். விளக்குதான் காரணம். ஸோவாவுக்கு பார் அளவு (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தின் அளவு) 100 பக்கம் போதும், எல்இடியை முழு வேகத்தில் வைத்தால் மூடிக்கொள்ளத்தான் செய்யும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீளும், உங்களுடையது சுருங்கி நிற்கிறது. அடிப்படை இது.

நீலத்தொட்டி:
120 லிட்டர், 7 மாதம். உப்பு 1.025, வெப்பம் 26. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் வடிகட்டிப் பொருள்) ஓடுகிறது. விளக்கை மாற்றவில்லை.

உப்புக்காற்று:
0, 0 என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஸோவாவுக்குள் இருக்கும் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், இரண்டையும் துடைத்து எடுத்துவிட்டால் அது எதில் வாழும்? நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 பக்கம் இருந்தால் ஸோவா கொழுத்து வளரும். ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆல்கலினிட்டி இன்னும் வரவில்லை. உப்பை அளந்தது ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) என்றால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்தீர்களா? ஆர்ஓ தண்ணீரில் 0 காட்டுவதால் 35-இலும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது.

புதுஅலை:
கல்லை வெளியே எடுத்து வெந்நீரில் போட்டு பிரஷால் தேய்த்துவிடுங்கள், பூச்சி கீச்சி எல்லாம் போய்விடும்.

உப்புக்காற்று:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்! ஸோவாவிலும், முக்கியமாக அதன் நெருங்கிய உறவான பாலித்தோவாவிலும், பாலிடாக்சின் இருக்கலாம். 1971-இல் ஹவாயில் பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு அது, நம் செல்லில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பையே கெடுத்துவிடும். கல்லைக் கொதிக்க வைத்து, ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டோடு மருத்துவமனையில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். பிரஷால் தேய்த்தால் கண்ணிலும் தெறிக்கும்.

பழையகடல்:
பயமுறுத்தாதீர்கள். 12 வருடமாக வெறும் கையால் ஸோவா வெட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்ணாடிப்பெட்டி:
உங்களிடம் இருந்த வகையில் நஞ்சு குறைவாக இருந்திருக்கும். எதில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது, கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள அரை நிமிடம் ஆகுமா? புதிதாக வருபவர்கள் படிக்கும் இடம் அண்ணா, உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இங்கே எழுதுவது சரியில்லை.

பழையகடல்:
கையுறை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கொதிக்க வைப்பதும் வெட்டுவதும் ஒன்றா?

உப்புக்காற்று:
இரண்டும் ஒன்றில்லை, சரி. ஆனால் வெட்டும்போதும் கையுறை வேண்டும். இதைத் தனி இழையில் பேசலாம், கேட்டவருக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. நீலத்தொட்டி, கடந்த ஒரு மாதத்தில் புதிதாக எதையாவது உள்ளே வைத்தீர்களா? கல், நத்தை, ஃப்ராக் (வெட்டி எடுத்த சின்னத் துண்டு), எதுவானாலும்?

நீலத்தொட்டி:
3 வாரம் முன்பு ஒரு ஸோவா ஃப்ராக் வைத்தேன். அது இன்னும் சின்னது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. டிப் போடவில்லை.

கண்ணாடிப்பெட்டி:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே! இன்று இரவு விளக்கு அணைந்து 2 மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூடிபிராங்க் இல்லாவிட்டால் சன்டயல் நத்தையாக இருக்கலாம். தட்டையான சுருள் ஓடு, அதில் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பு வெள்ளை. பகலில் பாலிப்புகளின் (ஒவ்வொரு ஸோவாப் பூவின்) இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் தின்னும்.

நீலத்தொட்டி:
கட்டம் போட்ட நத்தைதான். 4 இருந்தன, கையுறை போட்டு இடுக்கியால் எடுத்துவிட்டேன். ஜிஎஃப்ஓவையும் எடுத்துவிட்டேன். 5 நாளில் ஊதா பாதி திறந்திருக்கிறது. நன்றி.

உப்புக்காற்று:
இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டீர்களே, எதனால் திறந்தது என்று இனி எப்படிச் சொல்வது? தினமும் இரவில் பாருங்கள், குட்டிகள் மிச்சம் இருக்கலாம். பச்சை-ஆரஞ்சு என்ன ஆனது? ஆல்கலினிட்டி எவ்வளவு?

கண்ணாடிப்பெட்டி:
2 வாரம் ஆகிவிட்டது, பச்சை-ஆரஞ்சு திறந்ததா என்று மட்டுமாவது சொல்லுங்கள் நீலத்தொட்டி.