ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளிநாட்டுக் கொள்கை: ஆய்வில் எதற்கு முதலிடம்?

வினா: இறுதியாண்டு மாணவி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். அரசறிவியல் இறுதியாண்டு ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளிநாட்டுக் கொள்கையைத் தெரிவுசெய்துள்ளேன். 1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்திரிக்ட் உடன்படிக்கை அதற்கு அடித்தளமிட்டது. 2009இல் லிஸ்பன் உடன்படிக்கை, ஒன்றியத்தின் வெளிநாட்டு விவகாரங்களுக்குப் பொறுப்பான உயர் பிரதிநிதியின் பதவியை வலுப்படுத்தியது. அப்படியிருந்தும் 27 நாடுகளும் ஒரே நிலைப்பாட்டுக்கு வரத் தடுமாறுவது ஏன் என்பதே என் கேள்வி. இது மிகப் பரந்தது என்கிறார் மேற்பார்வையாளர். எதை முதலில் ஆராய வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

மகளே, ஏன் ஒற்றுமை இல்லை என்று கேட்பதைவிட, எந்த விதியின்கீழ் முடிவெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கொள்கையில் பெரும்பாலும் ஏகமனதான இணக்கம் தேவை. 2017 ஜூனில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் சீனாவைக் குறித்து ஒன்றியம் வெளியிடவிருந்த அறிக்கையைக் கிரேக்கம் தனித்து நின்று தடுத்துவிட்டது. எதிர்க்காமல் விலகி நிற்கவும் இடமுண்டு. 2008இல் கொசோவோவுக்கு ஒன்றியம் அனுப்பிய சட்ட ஒழுங்குப் பணிக்குழு விடயத்தில் சைப்பிரஸ் அவ்வாறே செய்தது. வர்த்தகத்திலோ தகைமைப் பெரும்பான்மை போதும்; இன்றைய விதிப்படி 55 வீத உறுப்பு நாடுகள் ஆதரிக்க வேண்டும், அவற்றில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 வீதமேனும் அடங்க வேண்டும். இலங்கையின் ஏற்றுமதிப் பொருட்களுக்கு ஒன்றியம் வழங்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை, சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உட்பட மூன்று மனித உரிமைச் சமவாயங்கள் உரியவாறு நடைமுறைப்படுத்தப்படவில்லை என்ற காரணத்தால் 2010 ஆகஸ்டில் இடைநிறுத்தப்பட்டது இந்த வர்த்தக வழியில்தான். ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கொள்கை உண்மையில் வலுவாக இயங்கும் இடம் அதுவே என்பது என் கருத்து.

பதில்: பெண் தொழிலாளர் நலனில் ஈடுபடுபவர், ஏறாவூர்

ஐயா கூறியதில் ஒரு பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. சலுகை 2017 மே மாதத்தில் மீண்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக விலக்குவது பற்றிப் பரிசீலிக்குமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூனில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழுவைக் கோரியது. ஆனாலும் சலுகை விலக்கப்படவில்லை. ஏகமனது தேவைப்படாத துறையிலேயே 2010இல் ஒரு முடிவும் 2021இல் வேறொரு முடிவும் வந்தன என்றால், வாக்களிப்பு விதி மட்டும் இதற்கு விளக்கமாகாது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த முடிவுகளின் சுமை ஆடைத் தொழிற்சாலையில் நிற்கும் பெண்களின் தலையில் விழுகிறது, அவர்களோ எந்தச் சமவாயத்தையும் மீறியவர்கள் அல்லர். பிரஸ்ஸல்ஸின் ஆவணங்களை மட்டும் வாசித்து எழுதப்படும் ஆய்வில் அவர்கள் இடம்பெறப் போவதில்லை.

மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 2010, 2021 ஆகிய இரண்டையும் ஒப்பிடுவதென முடிவுசெய்கிறேன். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

சகோதரியின் மறுப்பு நியாயமானது. ஒப்பீட்டை அதிலிருந்தே தொடங்குங்கள். மூன்றாவதாக, 2015 ஜனவரி முதல் 2016 நடுப்பகுதிவரை நம் மீன் ஏற்றுமதிக்கு ஒன்றியம் விதித்திருந்த தடையை எடுக்கலாம். அங்கே பிரச்சினை மனித உரிமையன்று, ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியை நம் அரசு கட்டுப்படுத்தத் தவறியது. பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்துதல் போன்ற, அளந்து சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகள் இருந்ததால் தடை விரைவாக நீங்கியதா என்று பாருங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குச் சென்றால், அந்தக் காலத்தில் கடலுக்குப் போனவர்களிடமே கேட்டறியலாம்.