கயோட்டிக்கு .223 போதும் என்று யார் சொன்னது?

மேட்டுக்கிடை:
"ஆட்டைக் காக்க .223 போதும், .22-250 வைத்திருப்பவன் எல்லாம் வெறும் பந்தா" என்று பட்டிக்காவல் நேற்று எழுதியிருந்தார். இரண்டும் ரைபிள் தோட்டா வகைகள், .22-250 வேகம் கூடியது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேற்கு டெக்சாஸில் வெள்ளாடு வளர்க்கிறேன். போன மார்ச்சில், ஆடுகள் குட்டி போடும் நேரம், விடியலில் 250 கஜத்தில் ஒரு கயோட்டி, அதாவது இங்குள்ள ஓநாய் மாதிரியான சின்னக் காட்டு விலங்கு, நின்றது. .223-இல் 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள குண்டு போட்டுச் சுட்டேன். காற்று தள்ளிவிட்டது, புழுதிதான் கிளம்பியது. மறுநாள் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. தொண்டையில் பல் பதிந்த துளைகள், தோலை உரித்தால் உள்ளே ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. போதும் என்பவர் வந்து அவற்றைப் புதைத்திருக்க வேண்டும்.

பட்டிக்காவல்:
அண்ணே, குட்டிகள் போனதில் எனக்கும் வருத்தம்தான். குறி தவறினால் துப்பாக்கி என்ன செய்யும்? கயோட்டி 10 முதல் 20 கிலோ. அதற்கு .223 தாராளம். தோட்டாவும் மலிவு. மலிவாக இருந்தால்தான் சுட்டுப் பழக முடியும், பழகினால்தான் படும்.

மேட்டுக்கிடை:
மலிவைப் பற்றி யார் கேட்டது? காற்றைச் சொல்லுங்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், 300 கஜத்தில் .223 ஏறக்குறைய ஓர் அடி விலகும். கயோட்டியின் நெஞ்சு ஒரு சாண் தேறாது. அதே 55 கிரெயின் குண்டு .22-250-இல் வினாடிக்கு 3,680 அடி போகும், .223-இல் 3,240 அடிதான்.

பட்டிக்காவல்:
.22-250 மட்டும் விலகாதா? அதுவும் 9, 10 அங்குலம் விலகும். இரண்டு அங்குலத்துக்காகவா அந்த வேகமான தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கிக் குழாயைச் சீக்கிரம் தேய்க்கிறீர்கள்?

வேலியோரம்:
இரண்டும் வேண்டாம். அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய தோட்டாவான .243 வாங்குங்கள். 1955-இலிருந்து இருக்கிறது, மானுக்கும் ஆகும்.

மேட்டுக்கிடை:
தம்பி, மான் கதையை வேறு இடத்தில் வைத்துக்கொள். 250 கஜம், குறுக்குக் காற்று. அதற்குப் பதில் சொல்.

வெள்ளைநாய்:
எங்களிடம் கிரேட் பிரனீஸ் நாய்கள் இரண்டு. ராத்திரி முழுக்கக் கிடையைச் சுற்றிக் குரைக்கும். அவை வந்தபிறகு நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

மேட்டுக்கிடை:
அந்த நாய்கள் வேலி தாண்டி வந்து என் கிடாயின் பின்னங்காலைக் கடித்ததையும் எழுதுங்களேன். தொண்டையில் கடித்தால் கயோட்டி, பின்னங்காலில் கடித்தால் பெரும்பாலும் நாய். இது தெரியாதவனா நான்?

வெள்ளைநாய்:
ரோட்டில் திரிகிற நாய் எத்தனையோ இருக்கிறது. என் நாய்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அன்றைக்கே வீட்டு வாசலில் வந்து கத்தினீர்கள், இன்னும் விடவில்லை.

மேட்டுக்கிடை:
விடமாட்டேன். அந்தக் கிடாயைப் பாலூட்டி வளர்த்தவன் நான்.

வேலியோரம்:
எந்தத் துப்பாக்கியானாலும் கயோட்டிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா பாருங்கள். நம் பக்கம் கல்லுத்தரை, குண்டு தெறிக்கும்.

மேட்டுக்கிடை:
தெரிந்ததையே சொல்லாதே. 250 கஜம், குறுக்குக் காற்று, .223. ஒருத்தரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பட்டிக்காவல்:
சொல்லிவிட்டேன். இரண்டு அங்குலம்.

மேட்டுக்கிடை:
அந்த இரண்டு அங்குலத்தில்தான் என் குட்டிகள் போயின. இன்றைக்கும் மேற்குக் காற்று. வண்டியில் .22-250 ஏற்றிவிட்டேன்.

பட்டிக்காவல்:
ஏற்றுங்கள். என் வண்டியில் .223தான்.