பிளஸ் டூ முடித்துப் போன ஹாஸ்டல் அண்ணன்கள்: இன்னும் உறுத்துகிற சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

கூடலூர்க்காரன் (தேனி)

பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். லோயர் கேம்ப்புக்கு இந்தப் பக்கம், ஆம்பிளைப் பசங்க மட்டும், ஹாஸ்டலோடு. கடைசிப் பரீட்சை முடிந்த சாயங்காலம் அண்ணன்களின் தகரப் பெட்டியைச் சின்னப் பசங்கதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் சுமக்கணும் என்கிற வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1995, நான் எட்டாவது. எனக்கு வாய்த்த அண்ணன் வண்டிப்பெரியார் எஸ்டேட். பக்கத்துப் படுக்கை, அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவர், என் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காலி பண்ணியவரும் அவர்தான். அவர் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்று சண்டை போட்டு வாங்கித் தூக்கினேன்.

குமுளி பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினார். அண்ணன் என் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினார். கை கொடுக்கப் போகிறார் என்று நான் அவசரமாக டவுசரில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினேன். உள்ளங்கையில் நாலாக மடித்த பத்து ரூபாய். "வச்சுக்கடா" என்றார். ஏறிவிட்டார். அவ்வளவுதான்.

அந்தப் பத்து ரூபாயை என்ன செய்தேன் என்று ஞாபகமே இல்லை. கையைத் துடைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது பாசமா, கூலியா?

பெரியார் டீ எஸ்டேட்

கூடலூர் அண்ணே, கோபப்படாதீங்க. அன்றைக்கு எஸ்டேட் தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்னவென்று தெரிந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீங்க. அந்தப் பையன் பஸ் காசு போக மிச்சம் வைத்திருந்ததே அந்தப் பத்தாகத்தான் இருக்கும். சுமை தூக்கினவனை வெறுங்கையோடு அனுப்பாதே என்று சொல்லியே எங்க வீடுகளில் வளர்ப்பார்கள். அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

நான் 2011-ல் அதே பகுதியில் வேறு பள்ளியில் ஒன்பதாவது. அந்த டிசம்பர் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் குமுளி பார்டர் அடைத்துக் கிடந்தது. அரைப் பரீட்சை லீவுக்கு எல்லோரும் போய்விட்டார்கள், கேரளாப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் ஹாஸ்டலில். எங்களில் பிளஸ் டூ ஒரே ஒரு அண்ணன். ராத்திரி எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். மலைப்பாதையில் எப்போதும் வண்டி லைட் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும், அப்போது மலை மொத்தமும் இருட்டு. "ஒரே ஒரு லைட்டு தெரிஞ்சாலும் சொல்லுங்கடா, பெட்டியக் கட்டிருவோம்" என்பார். ஒரு ராத்திரி நான் ஆசையில் "அண்ணே, லைட்டு" என்று கத்திவிட்டேன். அவர் பார்க்கவே இல்லை, கடகடவென்று கீழே இறங்கி நிஜமாகவே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்தது ஏதோ வீட்டு விளக்கு. அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று நாங்கள் படியிலேயே நின்றோம்.

செங்கோட்டை மீட்டர்கேஜ்

ரயிலோடு போன ஹாஸ்டல் கதை வேணுமா? 2010 மார்ச்சில் முடித்த பேட்ச்தான் எங்க லைனில் மீட்டர்கேஜில் ஊர் போன கடைசி பேட்ச். செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள், மறுபடி முழுசாக ஓட 2018 ஆயிற்று. நான் பிளஸ் ஒன், அன்றைக்கு அண்ணன்களோடு புனலூர் வரை போனேன். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை முழுக்க மசி, கையெழுத்து, ஹீரோயின் படம், கெட்ட வார்த்தை. ஆரியங்காவு குகையில் போட்ட கூச்சலில் டிடிஆர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வந்தபோது எங்க ஸ்கூல் லீடர் சட்டையைக் கழற்றினார், சுருட்டினார், ஜன்னல் வழியாக வீசினார். விரிந்து, கை இரண்டும் பரப்பிக்கொண்டு, பாலத்தின் ஒரு கண்ணுக்குள் போய் மறைந்தது. காலருக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. காலையில்தான் இடம் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். பனியனோடு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே வந்தார். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

சட்டம் தெரிந்தவன்

செங்கோட்டைத் தம்பி, அந்தக் கெட்ட வார்த்தைகளோடு வீட்டுக்குப் போனால் அவன் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

கூடலூர்க்காரருக்கு: எட்டாம் வகுப்புப் பையன் தலையில் பிளஸ் டூ பையனின் பெட்டி என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய விஷயம். பாசமா கூலியா என்பதெல்லாம் அப்புறம். எல்லோரும் "வழக்கம், வழக்கம்" என்கிறீர்கள். 1996-ல் மருத்துவ மாணவன் பொன் நாவரசை ராகிங்கில் சீனியர் கொன்ற பிறகு தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கேரளத்தில் 1998-ல் தனிச் சட்டம். காலேஜுக்கு மட்டும்தான் என்று பல வார்டன்கள் இன்றும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில் கல்வி நிறுவனம் என்றுதான் இருக்கிறது. உங்கள் பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால் போனில் "நல்லா இருக்கியா" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வான். "உன் துணியை யார் துவைக்கிறா, நீ யார் துணியைத் துவைக்கிற" என்று கேளுங்கள்.

என் சம்பவம்? ஒரு வருடம் மூன்று பேர் துணியைத் துவைத்தேன். போதும்.

பள்ளிப்பட்டு

சட்டம் சார் சொன்னது சரி. ஆனால் இதுவரை எழுதினவர்கள் எல்லோரும் சின்னப் பசங்க. நான் அந்த அண்ணன் கட்சி. ஆந்திரா பார்டர், பாதிப் பேர் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். எங்களுக்கு முந்தின பேட்ச்கள் கடைசி ராத்திரி "கணக்கு முடிப்பது" என்று ஒன்று வைத்திருந்தார்கள். கரண்டை நிறுத்திவிட்டு ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டு ஏழாம் கிளாஸ் ஹாலுக்குள் போவது. நாங்களும் ஏழாவதில் வாங்கியிருக்கிறோம். எங்க பேட்ச் அதைச் செய்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டோம். ஆனால் அதை யாரும் சின்னவர்களிடம் சொல்லவில்லை, சொல்லணும் என்றே தோன்றவில்லை.

விடியக்காலை பஸ். போகிறதுக்கு முன்னால் பசங்களிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று டார்ச்சோடு போனோம். ஹால் காலி. பாய் எல்லாம் விரித்தபடி கிடக்கிறது, ஆளைக் காணோம். மொத்தப் பேரும் மாந்தோப்பில் போய்ப் படுத்திருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் மூலையில், காய்ச்சல், ஓட முடியவில்லை போல. லைட்டை அடித்ததும் எழுந்து உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணா, உங்க பக்கெட்ட நான் எடுக்கலண்ணா, சத்தியமா."

என் பக்கெட் காணாமல் போயிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இ-சேவை அனுபவஸ்தர்

எனக்கும் ஒரு அண்ணன் இருந்தார், போகும்போது பூட்டைக் கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை. அது கிடக்கட்டும்.

பார்டர் பிள்ளைகள் கோட்டை விடுவது சர்டிபிகேட்டில்தான். கேட்டுக்கொள்ளுங்கள். டிசி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். நம்மூரில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பேருக்குப் பின்னால். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருந்தால் அடுத்த மாநிலத்துக் காலேஜில் அலைய விடுவார்கள். மைக்ரேஷன் சர்டிபிகேட் (வேறு மாநிலத்தில் சேரக் கேட்கிற சான்று) கேட்பார்கள், அட்மிஷன் அன்றைக்கு ஓடாதீர்கள், முன்னாலேயே விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டியல் வேறு, எஸ்டேட் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஒரிஜினலைக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் போட்டு வையுங்கள், அட்டெஸ்டேஷன் வாங்குங்கள். ஹாஸ்டல் டெபாசிட் ரசீது இருக்கிறதா பாருங்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று ஊருக்குப் போனவன் எவனும் அந்தப் பணத்தை வாங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

களியக்காவிளை

அண்ணாச்சி, இங்க வந்து எழுதினவங்க எல்லாரும் நரை விழுந்த ஆட்கள், யாரும் டிசி கேக்கல.

எங்க சீனியர்கள் ஃபேர்வெல் குரூப் போட்டோ என்று தலைக்கு இருபது ரூபாய் பிரித்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். பாறசாலை ஸ்டுடியோவில் மீதிப் பணத்தைக் கட்டாமலே ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போய்க் கேட்டால் அந்த ஆள் படத்தைத் தூரத்தில் பிடித்துக் காட்டிவிட்டு டிராயரில் போட்டுக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை. யாரிடமாவது பிரதி இருந்தால் போடுங்கள். மேல் வரிசை, இடது ஓரம், கண்ணை மூடிக்கொண்டு நிற்பது நான்.